200 ரூபாய் வயருக்கு 40,000 ரூபாய் கடனா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



இந்த வாரம் எஸ்ஐபி இல்லை, டேர்ம் இன்சூரன்ஸ் இல்லை. ஒரு மீன்பிடி படகுல ஜிபிஎஸ் கெட்டுப் போன கதை. "மாசச் சம்பளம் வாங்குற எனக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்பீங்க. போன் டிஸ்பிளே போனதும் அன்னைக்கு சாயங்காலமே ஈஎம்ஐல புது போன் எடுத்த ஆள் உங்க ஆபீஸ்லயே ரெண்டு பேராவது இருப்பாங்க. ஒருவேளை அதுல ஒருத்தர் நீங்களா இருக்கலாம். சம்பந்தம் அங்கதான் இருக்கு.

முதல்ல என் ஊரைப் பத்தி ரெண்டு வரி சொல்லிடறேன்.

மலையில கத்துக்கிட்ட பாடம்

நான் கொல்லிமலை எடப்புளி நாட்டுக்காரன். எங்க மலையில ஊர்க் கூட்டத்தை 'நாடு'ன்னுதான் சொல்லுவோம். மிளகு, காபி, பலா, வாழை எல்லாம் இருக்கு. கடல் மட்டும் கிடையாது. நான் கடலைப் பார்த்ததே காலேஜ் சேர்ந்தப்புறம்தான்.

எங்க வீட்டுல மிக்ஸி நின்னுபோச்சுன்னா அது சின்ன விஷயம் இல்லைங்க. நல்ல ரிப்பேர் கடைக்குப் போகணும்னா மலை இறங்கணும். காரவள்ளி வழியா 70 கொண்டை ஊசி வளைவு. குடுக்கறதுக்கு ஒரு நாள், திரும்ப வாங்கறதுக்கு இன்னொரு நாள். ரெண்டு நாள் கூலி போச்சு, பஸ் காசு தனி. ரிப்பேருக்கு 150 ரூபாய்னா, கைக்கு வந்து சேரும்போது அது ஆயிரத்தைத் தாண்டிடும்.

அதனால எங்க அப்பா ஒரு பழக்கம் வச்சிருந்தார். எது நின்னாலும் முதல்ல பிளக்கைப் பார்ப்பார், அப்புறம் வயர், அப்புறம் ஸ்விட்ச். மிக்ஸின்னா கார்பன் பிரஷ். இந்த நாலும் நல்லா இருந்தாத்தான் பஸ் ஏறுவார். பாதிக்கு மேல அந்த நாலுலயே முடிஞ்சிடும். அவரு எந்த ஐடிஐயும் படிக்கலை. பஸ் காசு கத்துக் குடுத்த பாடம் அது.

மலைக்கும் கடலுக்கும் இதுல வித்தியாசமே இல்லைன்னு எனக்குப் பின்னாடிதான் புரிஞ்சது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தெரியும்ல? எங்க மலையில சாமை, தினை உமி நீக்குற சின்ன மெஷின்களைக் கொண்டு வந்தது அவங்கதான். மீனவர்களுக்கு காத்து, அலை உயரம், கடல் எல்லை எச்சரிக்கை எல்லாம் போன்ல சொல்ற 'ஃபிஷர் ஃபிரெண்ட்' ஆப்பும் அவங்களோடதுதான். ரெண்டு இடத்துலயும் மெஷின் வந்துடுச்சு. நின்னுபோனா யாரு ஓட வைக்கிறதுங்கற கேள்வியும் கூடவே வந்துடுச்சு.

நாகப்பட்டினம் பக்கத்துல ஒரு பொங்கல் லீவு

சென்னையில என் ரூம்மேட் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை கிராமத்துப் பையன். அவன் அப்பாவுக்கு ஒரு ஃபைபர் போட் இருக்கு. அதுல ரெண்டு முக்கியமான பொட்டி. ஒண்ணு ஜிபிஎஸ். இன்னொண்ணு 'எக்கோ', அதாவது தண்ணிக்கு அடியில ஆழம் எவ்வளவு, மீன் கூட்டம் இருக்கான்னு ஒலி அனுப்பிப் பார்க்கிற கருவி. ரெண்டும் ஒரே 12 வோல்ட் பேட்டரியில ஓடுது.

ஒரு பொங்கல் லீவுக்கு அவங்க வீட்டுக்குப் போனேன். வீடே சோகமா இருந்துச்சு. "பொட்டி ரெண்டும் செத்துப்போச்சு தம்பி. ஆன் பண்ணா வெளிச்சம் வருது, உடனே அணைஞ்சிடுது"ன்னார் அவன் அப்பா. ரிப்பேர் பாக்குறவர் வந்து, செட்டுக்கு வர்ற வயர்ல மீட்டர் வச்சுப் பார்த்திருக்கார். 12.5 வோல்ட். "கரண்ட் ஒழுங்கா வருது, உள்ள போர்டுதான் போச்சு, புதுசு வாங்கிடுங்க"ன்னுட்டுப் போயிட்டார். புதுசு ரெண்டும் சேர்த்து 40,000 ரூபாய் பக்கம் ஆகும். கையில அவ்வளவு இல்லை. மறுநாள் காலையில மீன் வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கறதா முடிவு.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. ஆனா அன்னைக்கு உதவுனது டிப்ளமோ இல்லை, அப்பாவோட பழக்கம்தான். பிளக், வயர், ஸ்விட்ச்.

செட்டைக் கழட்டாம, ஆன் பண்ணி வச்சுக்கிட்டே அதே இடத்துல மீட்டர் வச்சோம். 12.5 இருந்தது சடார்னு 9.8க்கு இறங்கிடுச்சு. அதே நேரத்துல பேட்டரி முனையில 12.4 நிக்குது. அப்போ நடுவுல எங்கயோ 2.6 வோல்ட் காணாமப் போகுது. வயரைத் தடவிக்கிட்டே போனோம். ஃபியூஸ் ஹோல்டர் உள்ள பச்சைக் களிம்பு. செம்பும் உப்புத் தண்ணியும் சேர்ந்தா வர்றது. புது ஃபியூஸ் ஹோல்டர், அதே ஆம்பியர் ஃபியூஸ், கொஞ்சம் வயர், ரெண்டு லக்கு. மொத்தம் 200 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. ரெண்டு பொட்டியும் எழுந்துடுச்சு.

இதுல மந்திரம் எதுவும் இல்லைங்க. களிம்பு புடிச்ச இணைப்புல கரண்ட் ஓடாத வரைக்கும் மீட்டர் முழு வோல்டேஜ் காட்டும். கரண்ட் ஓட ஆரம்பிச்சாத்தான் அந்தத் தடை வோல்டேஜைத் தின்னும். 1 ஓம் தடை இருந்து 2 ஆம்பியர் ஓடுனா 2 வோல்ட் போச்சு. ஸ்கூல்ல படிச்ச ஓம் விதிதான். அந்த ரிப்பேர்காரர் பொய் சொல்லலை. லோடு குடுக்காம பார்த்துட்டார், அவ்வளவுதான்.

நம்ம சம்பள அக்கவுண்டும் இப்படித்தான். ஒண்ணாம் தேதி பேலன்ஸ் பார்த்தா எல்லாரும் 12.5 வோல்ட்தான். ஒரு ஆஸ்பத்திரி பில், ஒரு லேப்டாப் ரிப்பேர்னு லோடு வந்தாத்தான் உண்மை தெரியும்.

அந்த 40,000 உண்மையில எவ்வளவு ஆகியிருக்கும்?

கடற்கரையில வியாபாரிகிட்ட வாங்குற முன்பணத்துக்குப் பெரும்பாலும் வட்டின்னு பேர் இருக்காது. பதிலா, 'புடிக்கிற மீனை என்கிட்டதான் குடுக்கணும், ஒவ்வொரு விற்பனையிலயும் இவ்வளவு கழிவு'ங்கற மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கும். அசலைத் திருப்பிக் குடுக்கற வரைக்கும் அந்தக் கழிவு ஓடிக்கிட்டே இருக்கும்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். எண்கள் புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்டது.

- ஒரு நாள் விற்பனை: 6,000 ரூபாய்
- மாசத்துல தொழிலுக்குப் போற நாள்: 20
- மாத விற்பனை: 1,20,000 ரூபாய்
- 5% கழிவு: மாசம் 6,000 ரூபாய்

ஏழு மாசத்துல 42,000 ரூபாய் கழிவாவே போயிடும். வாங்குன 40,000 அப்படியே பாக்கி நிக்கும். அதுக்கு மேல, நல்ல விலை குடுக்குற வேற ஆளுக்கு மீனை விக்கற சுதந்திரமும் போச்சு. இதெல்லாம் எதுக்கு? ஒரு ஃபியூஸ் ஹோல்டருக்கு.

சிரிக்காதீங்க, நாமளும் இதையேதான் பண்றோம். 'நோ காஸ்ட் ஈஎம்ஐ'ல பிராசசிங் கட்டணம் இருக்கும், வட்டிப் பகுதி மேல 18% ஜிஎஸ்டி இருக்கும். ஒரு மாசம் கார்டு பில் முழுசா கட்ட முடியலைன்னா மாசம் 3.5% சுத்தி வட்டி, வருஷத்துக்குக் கணக்குப் பார்த்தா 40%க்கு மேல. அவங்களுக்கு வியாபாரி, நமக்கு கார்டு கம்பெனி.

என் கருத்து இதுதான்: புதுசு வாங்குறது தப்பில்லை. என்ன கெட்டுப் போச்சுன்னு தெரியாமலே புதுசு வாங்குறதுதான் தப்பு. அதுக்காகக் கடன் வாங்குறது ரெண்டு மடங்கு தப்பு.

நாமளே பார்க்கக்கூடியது எது?

படகுக்குச் சொல்றதை நல்லா கவனிங்க. உங்க பைக், இன்வெர்ட்டர், லேப்டாப்புக்கும் இதே வரிசைதான்.

1. பேட்டரியும் வோல்டேஜும். சார்ஜ் ஏறி ஓய்வா இருக்கிற நல்ல 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 12.6 பக்கம் காட்டணும். 12.0 பக்கம் நின்னா அது ஏறக்குறைய காலி. என்ஜின் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் செட் அணைஞ்சு எழுந்தா, சந்தேகம் செட் மேல வரக்கூடாது, பேட்டரி மேலயும் டெர்மினல் மேலயும்தான் வரணும். பார்க்குறது எப்பவும் லோடோட. பேட்டரி முனைக்கும் செட் முனைக்கும் அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா நடுவுல தேடுங்க. 500 ரூபாய்க்குள்ள கிடைக்கிற மல்டிமீட்டர் இதுக்குப் போதும்.

2. ஃபியூஸ். போயிருந்தா அதே அளவு ஃபியூஸ்தான் போடணும். 2 ஆம்பியர் இருந்த இடத்துல 10 போடறது, வயர் கம்பியைச் சுத்திவிடறது எல்லாம் தீயைக் கூப்பிடற வேலை. புது ஃபியூஸும் உடனே போச்சுன்னா எங்கயோ ஷார்ட் இருக்கு, நிறுத்திடுங்க.

3. இணைப்புகள். களிம்பைச் சுத்தம் பண்ணி, இறுக்கி, மேல கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்க. வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்துனா உப்புக் காத்துல ரொம்ப நாள் தாங்காது. ஈயம் பூசுன செம்பு வயர், உள்ள பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் ட்யூப், இது ரெண்டும்தான் கடலுக்குச் சரி. சில பத்து ரூபாய் கூட ஆகும், வருஷக் கணக்குல உழைக்கும்.

4. எக்கோவோட சென்சார். தண்ணிக்குள்ள இருக்கிற முகத்துல பாசியும் சிப்பியும் ஒட்டுனா படம் மங்கும், பலர் செட்டே போச்சுன்னு நினைச்சுடுவாங்க. மெதுவா, துணியால துடைக்கணும். கத்தியால சுரண்டக் கூடாது. அதோட கேபிளை நடுவுல வெட்டி ஒட்டவும் கூடாது.

5. தண்ணி போயிட்டா. முதல்ல பவரைத் துண்டிக்கணும். உப்புத் தண்ணின்னா விட்டுட்டா காயும், ஆனா உப்பு உள்ளயே தங்கி ஈரத்தை இழுத்து அரிச்சுக்கிட்டே இருக்கும். அதனால போர்டை நல்ல தண்ணியில அலசி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல கழுவி, முழுசா காய வைப்பாங்க. தெரிஞ்சவர்கிட்ட சீக்கிரம் குடுக்கறது நல்லது. இடையில "வேலை செய்யுதா பார்ப்போம்"னு ஆன் பண்றதுதான் பல செட்டோட உயிரை எடுக்குது. அரிசியில புதைக்கிறது உதவாது. 2024ல ஆப்பிள் கம்பெனியே ஐபோனை அரிசிப் பையில போடாதீங்கன்னு சொல்லிடுச்சு.

6. சாஃப்ட்வேர். எல்லா நோயும் ஸ்க்ரூ டிரைவர்ல தீராது. ஜிபிஎஸ் வாரக் கணக்கை 1,024 வரைக்கும்தான் எண்ணி, திரும்ப சைபர்ல ஆரம்பிக்கும். 2019 ஏப்ரல் 6ஆம் தேதி ராத்திரி அப்படி ஒரு சுத்து முடிஞ்சது. உலகம் முழுக்க அப்டேட் பண்ணாத சில பழைய செட்டுகள் தேதியைத் தப்பா காட்ட ஆரம்பிச்சது. போர்டை மாத்துனா இது சரியாகாது, சாஃப்ட்வேர் அப்டேட் இருந்தா சரியாகும். உங்க பழைய போனுக்கும் இதே கேள்வியைக் கேளுங்க: இது உடைஞ்சிருக்கா, இல்லை அப்டேட் இல்லாம இருக்கா?

கையை வைக்கவே கூடாதது எது?

'எல்லாத்தையும் வீட்டுலயே கழட்டுங்க'ன்னு நான் சொல்றதா நினைச்சுடாதீங்க. நானே சூடு பட்டவன். அன்னைக்கு ஃபியூஸ் ஹோல்டர்ல ஜெயிச்ச தெம்புல, அடுத்த லீவுல பக்கத்துப் படகுக்காரரோட ஜிபிஎஸ்ஸை ஒரு சின்ன பட்டன் கோளாறுக்காகத் திறந்தேன். பட்டன் சரியாச்சு. ஆனா மூடும்போது விளிம்புல இருக்கிற ரப்பர் வளையம் சரியா உட்காரலை. ரெண்டே வாரத்துல உள்ள நீராவி, அப்புறம் செட்டே போச்சு. பாதி விலையை நான் குடுத்தேன். 'ஐபிஎக்ஸ்7'னு போட்டிருந்தா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் தாங்கும்னு அர்த்தம். நாம ஒரு தடவை திறந்துட்டா அந்த வாக்குறுதி முடிஞ்சது.

அதை விடப் பெரிய கோடு ஒண்ணு இருக்கு: உயிர் காக்கிற கருவி.

2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தப்போ கன்னியாகுமரி மாவட்டத்துப் படகுகள் பல ஆழ்கடல்ல இருந்தது. கரையில இருந்து அவ்வளவு தூரத்துல இருந்தவங்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரலை. எத்தனையோ பேர் திரும்பி வரலை. அதுக்கப்புறம் 2019 அக்டோபர்ல 'ஜெமினி'ங்கற கருவியை மத்திய அரசு அறிமுகப்படுத்துச்சு. செயற்கைக்கோள்ல இருந்து வர்ற எச்சரிக்கையை ப்ளூடூத் வழியா மீனவரோட போனுக்குக் குடுக்கும். இஸ்ரோ உருவாக்குன ஆபத்து எச்சரிக்கைக் கருவி 2010ல இருந்தே இருக்கு. 2024 ஜனவரியில வந்த அதோட அடுத்த தலைமுறையில, 'உங்க செய்தி வந்து சேர்ந்துடுச்சு'ங்கற பதிலும் படகுக்குத் திரும்ப வரும்.

இந்த மாதிரிக் கருவிகளை நாம திறக்கவே கூடாது. வெளியில வயர், டெர்மினல் வரைக்கும் சரி. உள்ள அனுபவம் உள்ளவங்கதான். வயர்லெஸ் செட்டும் அப்படித்தான். ஆன்டெனா கழண்டு கிடக்கும்போது மைக்கை அழுத்திப் பேசுனா உள்ள இருக்கிற டிரான்ஸ்மிட்டர் கெட்டுப் போக வாய்ப்பு இருக்கு.

பாக் நீரிணைப் பக்கம் தொழில் பண்றவங்களுக்கு ஜிபிஎஸ் இன்னும் ஒரு வகையில முக்கியம். 1974லயும் 1976லயும் போட்ட ஒப்பந்தங்கள் கடல்ல ஒரு கோடு போட்டது. தண்ணிக்கு மேல அந்தக் கோடு தெரியாது. படகுகள் தாண்டுறதுக்கு கருவி கெட்டுப் போறது மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், மீன் இருக்கிற இடமும் காலகாலமா மீன் புடிச்ச பழக்கமும் அதுல இருக்கு. ஆனா எங்க இருக்கோம்னே தெரியாம அந்தப் பக்கம் போறவங்களுக்கு விலை படகேதான். 'எப்படியோ ஓட்டிக்கலாம்'னு அரைகுறை ரிப்பேரோட போக முடியாத இடம் அது.

வீட்டுலயும் இந்தச் சிவப்புக் கோடு உண்டு. மைக்ரோவேவ் அவனைப் பிளக்கைப் புடுங்குனாலும் உள்ள கெபாசிட்டர் ஆளையே கொல்ற அளவு மின்சாரத்தைப் பிடிச்சு வச்சிருக்கலாம். உப்பிப் போன லித்தியம் பேட்டரியைக் குத்தவோ அமுக்கவோ கூடாது. கேஸ் கீசர், ஏசி கேஸ் லைன் எல்லாம் ஆள் கூப்பிட வேண்டிய வேலை. வாரண்டி இருக்கிற பொருளையும் திறக்காதீங்க. ஏற்கெனவே காசு குடுத்து வாங்குன உரிமை அது, 300 ரூபாய் மிச்சம் புடிக்க அதைத் தொலைக்காதீங்க.

பொட்டி விலையா, உள்ள இருக்கிறதோட விலையா?

நாகப்பட்டினத்துல எனக்கு உண்மையிலேயே பக்குனு ஆன இடம் இதுதான். செட் எழுந்ததும் ரூம்மேட்டோட அப்பா கண்ணு கலங்கிடுச்சு. 40,000 மிச்சமாச்சுன்னு இல்லை. "என் பாரெல்லாம் இருக்கு"ன்னார்.

'பார்'னா கடலுக்கு அடியில இருக்கிற பாறைத் திட்டு, மீன் கூடுற இடம். பல வருஷமா அவரு கண்டுபிடிச்ச ஒவ்வொரு இடத்தையும் அந்தப் பொட்டியில குறிச்சு வச்சிருந்தார். வலை மாட்டிக் கிழியற இடங்களும் அதுல இருக்கு. ஒரு காப்பி கூட வேற எங்கயும் இல்லை. முந்தின தலைமுறை கரையில தெரியற கோபுரத்தையும் மரத்தையும் வச்சு இடத்தை மனசுல அடையாளம் வச்சுக்கிட்டாங்க. இவரு தலைமுறையில அது பொட்டிக்குள்ள போயிடுச்சு. சில பழைய செட்டுகள்ல இந்த நினைவைக் காப்பாத்துறதே உள்ள இருக்கிற ஒரு சின்ன பேட்டரிதான், அது தீர்ந்தா எல்லாம் போகலாம்.

அன்னைக்கு ராத்திரி ரூம்மேட்டும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு இடத்தோட எண்களையும் ஒரு நோட்டுல எழுதுனோம். முடிக்கும்போது ரெண்டு மணி. பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கதை சொன்னார். அந்த 60 ரூபாய் நோட்டுதான் அந்தப் படகுல இருக்கிறதுலயே பெரிய சொத்து.

உங்க போன் விலை 25,000 இருக்கும். உள்ள இருக்கிற போட்டோ, ஆபீஸ் ஃபைல், வங்கி ஆப், ஓடிபி வர்ற நம்பர், அதுக்கெல்லாம் என்ன விலை? ரிப்பேருக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்தீங்களா? கெட்டுப் போனப்புறம் எடுக்க முடியாது. இன்னைக்கே எடுங்க.

"என் நேரத்துக்கு விலை இல்லையா?"

இந்தக் கேள்வி நியாயமானது. மாசம் 40,000 சம்பளம், 200 மணி நேர வேலைன்னா ஒரு மணி நேரம் 200 ரூபாய். 150 ரூபாய் மிச்சம் புடிக்க ஞாயித்துக்கிழமை முழுக்க உட்கார்றது நஷ்டம்தான்னு தோணும். ஆனா ஞாயித்துக்கிழமை ரீல்ஸ் பார்க்குறதுக்கு யாரும் 200 ரூபாய் தர்றதில்லை. ஒரு நாள் முழுக்க வேண்டாம், அரை மணி நேரம் போதும். பிளக், வயர், பேட்டரி, அப்டேட். அதுல தெரியலைன்னா கடைக்குப் போங்க. ஆனா போறப்போ 'போன் வேலை செய்யலை'ன்னு போகாதீங்க. 'வேற சார்ஜர்லயும் ஏறலை, போர்ட் சுத்தம் பண்ணியாச்சு, பேட்டரி ஹெல்த் இவ்வளவு'ன்னு சொல்லிட்டுப் போங்க. விவரம் தெரிஞ்ச ஆள்கிட்ட பில் வேற மாதிரி வரும்.

பணக் கணக்கும் நேர்மையா சொல்லிடறேன். 30,000 ரூபாய் போனை ரெண்டு வருஷத்துல மாத்துனா மாசச் செலவு 1,250 ரூபாய். 2,500 ரூபாய்க்கு பேட்டரி மாத்தி மூணு வருஷம் ஓட்டுனா மாசம் ஏறக்குறைய 900. மிச்சம் மாசம் 350 ரூபாய். இதை எஸ்ஐபில போட்டா கோடீஸ்வரன் ஆயிடலாம்னு நான் கதை விட மாட்டேன். உண்மையான லாபம் வேற: ஒரு பொருள் நின்னுபோன அன்னைக்கு, பதட்டத்துல, கடன்ல முடிவு எடுக்காம இருக்கிறது.

இன்னொரு விஷயம், ரிப்பேர் பண்றது உங்க உரிமையும் கூட. 2022ல நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' போர்ட்டலைத் தொடங்குச்சு. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம்னு நாலு துறையை முதல்ல எடுத்துக்கிட்டாங்க. மீன்பிடிக் கருவி அந்த நாலுல இல்லைங்கறது என்னோட குறை. டிராக்டருக்கு ஒரு நியாயம், படகுக்கு ஒரு நியாயமா? சர்வீஸ் சென்டர் காரணமே சொல்லாம 'புதுசு வாங்குங்க'ன்னா, எழுத்துல கேளுங்க. ஒத்து வரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு.

என்னோட அஞ்சு விதி

- 24 மணி நேரம்: கெட்டுப் போன அன்னைக்கே புதுசு வாங்காதே.
- லோடு குடுத்துப் பார்: என்ன கெட்டுச்சுன்னு ஒரு வரியில சொல்ல முடியலைன்னா இன்னும் கண்டுபிடிக்கலைன்னு அர்த்தம்.
- பாதி விலை: ரிப்பேர் செலவு புதுசோட விலையில பாதியைத் தாண்டுனா, பொருளும் பழசுன்னா, புதுசு வாங்கு. பாசத்துக்காகப் பழசைக் கட்டிக்கிட்டு அழாதே.
- உயிர்னா சமரசம் இல்லை: பிரேக், ஹெல்மெட், கேஸ், மருத்துவக் கருவி, கடல்ல எச்சரிக்கைக் கருவி. இதுல கைவேலை வேண்டாம், தள்ளிப் போடறதும் வேண்டாம்.
- ரிப்பேர் ஃபண்ட்: எமர்ஜென்சி ஃபண்டுக்குத் தனியா மாசம் 500 ரூபாய் ஒதுக்கு. கெட்டுப் போறது திடீர்னு வர்ற செலவு இல்லை, தேதி மட்டும் தெரியாத செலவு.

கடைசியா ஒண்ணு. தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் பெருகறதுக்காகப் போட்ட தடை அது. ஆனா அந்த நாட்கள்லதான் படகுகளைக் கரையேத்தி, பலகை, என்ஜின், வயர்னு எல்லாத்தையும் பழுது பார்ப்பாங்க. ரூம்மேட்டோட அப்பா ஃபைபர் போட்காரர்தான், ஆனாலும் இப்போ வருஷா வருஷம் அதே சமயத்துல எல்லா இணைப்பையும் கழட்டிச் சுத்தம் பண்றார். நோட்டுல புது இடங்களையும் சேர்த்து எழுதுறார்.

நமக்கு யாரும் 61 நாள் தர மாட்டாங்க. வருஷத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை நாமளே எடுத்துக்கலாம். பைக் பேட்டரி, லேப்டாப் தூசி, இன்வெர்ட்டர் தண்ணி, போன் பேக்கப்.

போன மாசம் எடப்புளி நாட்டுக்குப் போயிருந்தேன். அப்பாகிட்ட இந்தப் படகுக் கதையைச் சொன்னேன். முழுசா கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "ஏம்ப்பா, அந்த ரிப்பேர்காரரு செட்டை ஓட விட்டுப் பார்க்கலையா?"

70 வளைவு இறங்கி ஏறுனவருக்குத் தெரியுது. நாமளும் கத்துக்குவோம்.